பதினான்காவது கட்டம்

எங்கள் ஊர் மைதானத்தில்
குழியைச் சுற்றிப் புல் கிடையாது.
எண்ணெய் ஊற்றிய மணல்தான்,
கருகிய வாணலி போல ஒரு வட்டம்.
பந்து வந்து விழுந்ததும் இரும்புக் குழாயை இழுத்துக்
குழிவரை பாதை போட்டு
அதில் உருட்ட வேண்டும்.
நெப்ராஸ்காவில் ஐநூற்றுப் பதினோரு பேர் உள்ள ஊருக்கு
இது போதும் என்று யாரோ முடிவுசெய்திருந்தார்கள்.

டார்லா ஹவ்ரனெக் இழுத்தால்
தடம் நூல் பிடித்த மாதிரி இருக்கும்.
நான் இழுத்தால் மாடு நடந்த மாதிரி.

அவள் மட்டைகள் ஏலத்தில் வாங்கியவை.
ஏழில் இரண்டு, இறந்துபோன ஒரு இடக்கைக்காரருடையவை.
தூக்கிப் போட மனமில்லாமல்
இடக்கையிலும் அடிக்கப் பழகினாள்.

பதினாறு வயது. கெர்னி நகரில்
மாநில ஜூனியர் போட்டியின் கடைசி நாள்.
கோல்ஃபில் உன் கணக்கை நீ எழுதுவதில்லை.
உன்னோடு ஆடுபவள் எழுதுவாள்,
அவளுடையதை நீ.
அவள் அட்டை என் பின்பாக்கெட்டில் இருந்தது.
தெற்குக் காற்று. பென்சில் சுண்டுவிரல் நீளம்.
பதினான்காவது குழியில் அவள் அடித்தது நான்கு.
நான் எழுதியது ஐந்து.

வியர்வை,
அவசரம்,
முந்தின குழியின் ஐந்து விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.
பதின்மூன்று வருடமாகக் காரணங்களைச் சேர்த்துவைத்திருக்கிறேன்.
எதைத் தூக்கினாலும் கனமே இல்லை.

அவள் மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.
குறைத்து எழுதியிருந்தால் அவளை விலக்கியிருப்பார்கள்.
கூட்டி எழுதினால் கூட்டியதே நிற்கும்.
விதி அது.
ஒரே ஒரு அடியில் நான் ஜெயித்தேன்.
கையுறையைக் கழற்றாமல் கைதட்டினாள்,
சத்தமே வரவில்லை.

விச்சிட்டாவில் ஒரே கல்லூரி.
சாம்பியன் என்று எனக்கு முழு உதவித்தொகை.
அவளுக்குப் புத்தகச் செலவு மட்டும்.
காலை நாலரைக்கு விடுதிச் சமையலறையில்
இருநூறு முட்டை உடைத்துவிட்டுப் பயிற்சிக்கு வருவாள்.
கையில் வெங்காய வாசம்.
வேனில் எனக்குப் பக்கத்து இருக்கை,
மோட்டலில் என் கட்டிலின் மறுபாதி.
கெர்னியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும்
அட்டையை மூன்று முறை படிப்பாள்,
கட்டம் கட்டமாக விரல் வைத்து, உதடு அசைய.
அணியில் மற்றவர்கள் அதை ஜெபம் என்றார்கள்.
நான் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் வருடம் அவள் அணியில் முதலிடம்.
நான் நான்காவது, பிறகு ஐந்தாவது,
பிறகு வேனில் இடமில்லை.
சரிந்தேன் என்று சொல்ல மாட்டேன்.
எழுபத்தாறு அடித்துக்கொண்டிருந்தேன்,
எழுபத்தாறே அடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் கேள்விப்பட்டதுதான்:
பழைய ப்யூக் காரில் ஃப்ளோரிடா,
நுழைவுக் கட்டணத்துக்கே காணாத பரிசுப் பணம்,
பின் இருக்கையில் தூக்கம்,
தகுதிச் சுற்றில் மூன்று வருடம் தோல்வி,
நான்காம் வருடம் கடைசி இடம், அதுவும் இருட்டும் நேரத்தில்.

போன ஞாயிறு, ஒஹையோவில்,
பதினேழாவது குழியில் அவள் பந்து
ஒரு ஓக் மரத்தின் வேரோடு ஒட்டி நின்றது.
வலக்கைக்கு வழியில்லை.
மட்டையைத் திருப்பிப் பிடித்து இடப்பக்கமாக அடித்தாள்.
வர்ணனையாளர் கத்தினார், அதிசயம் என்று.
அந்த ஏலம் எனக்குத் தெரியும்.
நாற்பது டாலர், ஒரு வாளி பந்து இலவசம்.

வென்ற பிறகும் விளம்பரம் போடாமல்
அட்டை சரிபார்க்கும் கூடாரத்தைக் காட்டினார்கள்.
எதிரே கொரியப் பெண் ஒருத்தி பொறுமையாகக் காத்திருந்தாள்.
டார்லாவின் விரல் நகர்ந்தது.
பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.
அடுத்த கட்டத்தில் கொஞ்சம் நின்றது.
நின்றதா?
திரும்பப் போட்டுப் பார்த்தேன். நான்கு முறை.
இரண்டு முறை நின்றது.

நான் தானியக் கிடங்கில் எடைக் கணக்கு எழுதுகிறேன்.
திங்கள் காலை முதல் லாரி மேடையில் ஏறியது,
சோளம், வாசிலெக் பண்ணையிலிருந்து.
முள் ஆடி அடங்கும்வரை காத்திருந்து
எண்ணை எழுதினேன்.
ஓட்டுநர் ஹார்ன் அடித்தான்.
இன்னொரு முறை பார்த்துக்கொண்டிருந்தேன்.